சித்தீகா மக்காவுக்குக் கிளம்பியது

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம் திரும்புகிற ரோட்டில் அப்துல் கபாரின் கடை இருக்கிறது. சேஃப்டி ஷூ, மழைக்கோட்டு, டார்ச் லைட், கையுறை இவைதான் சரக்கு. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின் போட்டு முப்பது வருஷமாக ஜாக்கெட் தைத்து வருபவள் அவர் மனைவி சித்தீகா. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண்களில் பாதிப் பேருடைய தோள் அளவு அவளுக்கு மனப்பாடம். போன நவம்பரில் அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. அதே நவம்பரில்தான் கணவனும் மனைவியும் மக்கா யாத்திரையான உம்ராவுக்குப் பேர் கொடுத்தார்கள். அதற்கு முன் சித்தீகா ரயிலில் மெட்ராஸைத் தாண்டிப் போனதில்லை.

அவள் பிறந்த ஊர் இப்போது கிடையாது. அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது சுரங்கத்துக்காக அந்த ஊரை எடுத்துக்கொண்டார்கள். மாற்று இடம் கொடுத்தார்கள், நஷ்ட ஈடு கொடுத்தார்கள். வீட்டுக் கதவு, ஜன்னல், உரல் வரைக்கும் மாட்டு வண்டியில் ஏற்றி வடக்குத்துக்கு வந்தார்கள். அவளைப் பெற்ற அத்தா இறந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. வண்டி கிளம்பும் நேரத்தில் அம்மா அடக்கத்தலமான கபரஸ்தான் பக்கம் திரும்பி நின்று, "எழுந்திருக்க முடிஞ்சவங்க எழுந்து வந்துட்டோம். படுத்துகினு இருக்கறவங்கள இன்னா பண்றது" என்றாள். அவ்வளவுதான். சில வருஷம் கழித்து அந்த இடத்தில் ராட்சத மெஷின் இறங்கியது. எந்தப் பள்ளத்தில் தன் அத்தா இருந்தார் என்பதைச் சித்தீகாவால் இன்று காட்ட முடியாது. அந்த வழியாக பஸ் போகும்போது எல்லோரும் மண்மேட்டைப் பார்ப்பார்கள். அவள் மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பாள்.

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறதென்றால், சித்தீகாவுக்குக் கபர் என்பது சும்மா ஒரு மண்மேடு இல்லை. அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அப்சானா, பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இளையவன் அஃப்னான். ஐடிஐ முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, பெர்மனெண்ட் ஆகிவிடலாம் என்று மூன்று வருஷம் காத்திருந்தான். கான்ட்ராக்டில்கூட மாதம் பதினைந்து நாள்தான் வேலை கிடைத்தது. மக்காவில் ஒரு ஹோட்டலுக்கு ஏசி மெக்கானிக் வேண்டும் என்று ஏஜெண்டு மூலம் வந்த விசாவில் போனான். போகும்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது. வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். "ரூம் ஜன்னல்ல நின்னா ஹரம் பள்ளியோட மினாரா தெரியுதும்மா. உங்க ரெண்டு பேரையும் ஒரு தடவ கூட்டிகினு வந்துடறேன். நீ தையல் மெஷின மட்டும் வுட்டுட்டு வா" என்பான்.

இரண்டாவது வருஷம், ஆகஸ்ட் மாதம், மொட்டை மாடியில் ஏசி யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவன் வெயிலில் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

உடலைக் கொண்டு வரலாம், அங்கேயே அடக்கமும் செய்யலாம், பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஜமாஅத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: மக்கா மண்ணில் அடக்கமாவதற்கு எத்தனை பேர் ஏங்குகிறார்கள், அந்தப் பாக்கியத்தைக் கெடுக்காதீர்கள். அப்துல் கபார் தலையாட்டினார். பண்ருட்டியில் ஒரு நோட்டரி ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்று டைப் அடித்த தாளை முன்னால் வைத்தார்கள். சித்தீகாவுக்கு ஆட்சேபணை இருந்தது. வயிறு முழுக்க ஆட்சேபணைதான் இருந்தது. ஆனால் அல்லாஹ்வின் ஊரே வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அவர் போட்டதற்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்தொரு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் நௌஷாத், அஃப்னானின் அறைத்தோழன், நெல்லிக்குப்பத்துப் பையன். நாற்பத்தெட்டு வினாடி ஓடும் வீடியோ. வெட்டவெளி, காற்று இரைச்சல், வரிசை வரிசையாகக் குழிகள். வெள்ளைத் துணியில் சுற்றிய உடலை நாலு பேர் இறக்குகிறார்கள். மண் விழுகிறது. தலைமாட்டில் பேர் இல்லாத ஒரு கல்லை நடுகிறார்கள். கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: ஷராயா கபரஸ்தான். அதற்குக் கீழே ஒரு நம்பர்.

ஏழு வருஷமாக அப்துல் கபார் விடியற்காலை ஃபஜர் தொழுதுவிட்டு வந்து அந்த வீடியோவைப் பார்த்து, கையேந்தித் துஆ கேட்டபிறகுதான் கடை ஷட்டரைத் தூக்குவார். போன் மாற்றும்போதெல்லாம் முதலில் அதை ஏற்றச் சொல்வார். சித்தீகா அதைத் தனியாக இருக்கும்போது பார்ப்பாள். உடலை இறக்கும்போது இடது பக்கம் கொஞ்சம் சாயும். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் கை தானாக முன்னால் போகும்.

உம்ராவுக்குப் பேர் கொடுத்த பிறகு வீட்டில் ஒரு பரபரப்பு வந்தது உண்மை. அப்சானா வந்து பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். எதிர்வீட்டுப் பொன்னம்மாள் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் திருநெல்வேலிக்காரி, கணவர் சங்கரலிங்கம் மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். "காசிக்குப் போயிட்டு வந்த பெட்டி சித்தீகா. சக்கரம் நல்லா உருளும், தைரியமா எடுத்துட்டுப் போ. பிள்ளையப் பார்த்துட்டு வா" என்றாள். வேறு யாரும் அதை அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. உம்ராவுக்குப் போகிறீர்களாமே, துஆ செய்யுங்கள் என்றுதான் சொன்னார்கள். பொன்னம்மாளுக்குத்தான் விஷயம் சரியாகத் தெரிந்திருந்தது.

குழுவில் போகிற பெண்கள் ஒன்பது பேருக்கும் தொழுகை அங்கி தைக்கும் வேலை சித்தீகாவிடமே வந்தது. வெள்ளைத் துணி. வெட்டி வெட்டி அடுக்கும்போது சில நேரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிவாசல் மாடியில் வகுப்பு நடந்தது. குழுவை அழைத்துப் போகிற அமீர் மார்க்கம் படித்த ஒரு ஹஜ்ரத். அதிகம் சிரிக்காத, பொறுமையான மனிதர். இஹ்ராம் உடுத்துவது எப்படி, காபாவைச் சுற்றும் தவாஃப் எப்படி என்று நாற்காலி ஒன்றை நடுவில் போட்டுச் சுற்றிக் காட்டுவார். மூன்றாவது வகுப்பில் நிய்யத் என்கிற எண்ணத்தைப் பற்றிப் பேசினார். "எதுக்குப் போறோம்ங்கறது மனசுல சுத்தமா இருக்கணும். ஊரு பாக்க இல்ல, கடை பாக்க இல்ல, வேற எந்த மனுஷருக்காகவும் இல்ல. அல்லாஹ்வுக்காக மட்டும்."

பெண்களுக்கான திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சித்தீகா அதைக் கேட்டாள். காபாவை நினைத்துப் பார்க்க முயன்றாள். கறுப்புத் துணியும் கூட்டமும் தெரிந்தன. அதற்கு அப்பால் வெட்டவெளியில் ஒரு கல் தெரிந்தது. மனசு அந்தக் கல்லிடம்தான் போய் நின்றது. எத்தனை தடவை இழுத்து வந்தாலும் அங்கேதான் போனது.

வகுப்பு முடிந்ததும் அப்துல் கபார் எழுந்து, ஷராயாவுக்குப் போக ஒரு நாள் ஒதுக்க முடியுமா என்று கேட்டார். விஷயம் ஹஜ்ரத்துக்குத் தெரியும். "தாராளமா போலாம் பாய். நானே கூட்டிகிட்டுப் போறேன். ஆனா..." என்று கொஞ்சம் நிறுத்தினார். "அங்க பொம்பளைங்கள கபரஸ்தானுக்குள்ள வுட மாட்டாங்க. அது அங்க சட்டம். அம்மா வெளிய வண்டியில இருக்கணும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்துல் கபார்தான் பேசிக்கொண்டே வந்தார். "நான் உள்ள போயி பாத்துட்டு வந்து உனக்கு ஒண்ணு வுடாம சொல்றேன். வீடியோ கால் போடுறேன். நீ கேட் பக்கத்துல நின்னு பாரு."

"எந்தப் பக்கத்துச் செவுத்துக்குக் கிட்டன்னு தெரிஞ்சா போதுங்க" என்றாள் அவள். "நான் வெளியில அந்தப் பக்கமாப் போயி நின்னுக்கறேன்."

அதைத் தெரிந்துகொள்ளத்தான் நெல்லிக்குப்பம் போனாள். நௌஷாத் சவுதியை விட்டு ஊரோடு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆட்டோ ஓட்டுகிறான் என்று கேள்வி. வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவன் இவர்கள் வீட்டுக்கு வரவில்லை. வெட்கப்படுகிற பையன் என்று சித்தீகா நினைத்திருந்தாள்.

டிசம்பர் மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, டிபன் பாக்ஸில் நெய்ச்சோறு வைத்துக்கொண்டு பண்ருட்டி போய் பஸ் மாறினாள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். நௌஷாத் கதவைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போனதை அவள் கவனித்தாள். உட்காரச் சொன்னான். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான். மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள் என்றான்.

"ஜனவரி கடைசியில நாங்க ரெண்டு பேரும் உம்ராவுக்குப் போறோம்ப்பா" என்றாள் சித்தீகா. "என்னை உள்ள வுட மாட்டாங்களாம். அஃப்னான் எந்தப் பக்கத்துச் செவுத்துக்குக் கிட்ட இருக்கான்னு சொல்லு. நீ போனவன்தானே. ஒரு தாள்ல வரைஞ்சு குடு."

பேனாவும் தாளும் அவளே கொண்டு வந்திருந்தாள். நௌஷாத் அவற்றை வாங்கவில்லை. 

"அம்மா, நீங்க போவாதீங்க" என்றான்.

"ஏன்ப்பா?"

"அந்த வீடியோல இருக்கறது அஃப்னான் இல்லம்மா."

சித்தீகாவுக்கு அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அதை ஒரு வாக்கியமாகச் சேர்த்துப் பார்க்க நேரமாயிற்று. நௌஷாத் அதற்குள் சொல்லிக்கொண்டே போனான். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோல.

"அவனை எப்ப அடக்கம் பண்ணாங்கன்னே எனக்குத் தெரியாதும்மா. மார்ச்சுவரியில இருக்குது, பேப்பர் வரணும், பேப்பர் வரணும்னு சொல்லிகினே இருந்தாங்க. ஒரு நா போயி கேட்டா, மூணு நா முன்னாடியே முடிஞ்சுடுச்சுங்கறாங்க. எங்கன்னு கேட்டா, ஷராயாதான்னு சொன்னாங்க. அதுக்கு மேல சொல்ல ஆளு இல்ல. அத்தா டெய்லி போன் பண்ணிகினு இருந்தாரு. வீடியோ எடுத்தியா, வீடியோ எடுத்தியான்னு. நீங்க பின்னாடி அழுதுகினு இருப்பீங்க, அது எனக்குக் கேக்கும். நான் லீவு போட்டுகினு ஷராயாவுக்குப் போனேன். அங்க வேற ஒருத்தரோட ஜனாஸா தூக்கிகினு வந்தாங்க. பங்களாதேஷ் பையனாம். கூட வந்தது நாலே பேரு. நான் அதை எடுத்து அனுப்பிட்டேம்மா. நம்பரும் அந்தக் கபரோடதுதான். நான் இன்னாம்மா பண்ணட்டும்? உங்களுக்கு மனசு ஆறட்டும்னுதான்."

வெளியே ஆலைச் சங்கு ஊதியது. 

"அவனைக் குளிப்பாட்டுனது யாரு?" என்று கேட்டாள் சித்தீகா.

"தெரியலம்மா."

"கஃபன் துணி சுத்துனது?"

"அதுக்குன்னு ஆளுங்க இருப்பாங்கம்மா. நல்லா செய்வாங்க. ஹரம்லயே ஜனாஸா தொழுதிருப்பாங்க. அங்க ஒவ்வொரு தொழுகை முடிஞ்சும் ஜனாஸா தொழுகை உண்டு. லட்சம் பேரு தொழுதிருப்பாங்கம்மா."

"லட்சம் பேர்ல ஒருத்தருக்கு அவன் பேரு தெரிஞ்சிருக்குமா?"

நௌஷாத் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவனைத் திட்டத்தான் அவள் வாயெடுத்தாள். வரவில்லை. அஃப்னானுடன் ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் சாகும்வரை அவனோடு இருந்தவன் இவன் ஒருத்தன்தான். டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்பிடு, ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பாக்ஸைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருவதிகை தாண்டும்போது திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. அந்தப் பங்களாதேஷ் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவளுக்கு எந்த வீடியோவும் போயிருக்காது. தன் மகன் மண்ணுக்குள் இறங்கும்போது இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அது தெரிந்தவள் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள். சித்தீகாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பக்கத்தில் முந்திரி வியாபாரத்துக்குப் போய்வரும் அம்மா ஒருத்தி, என்ன ஏதென்று கேட்காமல், கூடையை நகர்த்தி அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.

"என்னா சொன்னான்? எந்தப் பக்கமாம்?" என்று கடை வாசலிலேயே கேட்டார் அப்துல் கபார்.

"அவன் ஊர்ல இல்லைங்க" என்றாள்.

அன்றிலிருந்து பதினோரு நாள் அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஃபஜருக்குப் பின் அவர் அந்த வீடியோவைப் பார்த்துக் கையேந்தும்போது அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டினாள். அவர் அந்த நம்பரை ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் டைப் அடித்து லேமினேட் செய்து வாங்கி வந்தார். தங்கப்போகும் ஹோட்டலிலிருந்து ஷராயா எவ்வளவு தூரம் என்று பக்கத்துக் கடைப் பையனை விட்டு மேப்பில் பார்க்கச் சொன்னார். சித்தீகா முழங்கால் வலிக்கிறது என்றாள். அடுத்த வருஷம் போகலாமா என்றாள்.

அப்துல் கபார் குரலை உயர்த்தாத ஆள். அன்றைக்கு உயர்த்தினார். "நீ வரலன்னா இரு. நான் போறேன். அவனுக்கு ஒரு சலாம் சொல்லாம எனக்கு உசுரு போவாது. கையெழுத்துப் போட்டு வுட்டவன் நான். அவன்கிட்ட போயி சொல்லணும்ல?"

கையெழுத்தைப் பற்றி ஏழு வருஷத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. தான் மட்டும்தான் அதைச் சுமப்பதாகச் சித்தீகா அதுவரை நினைத்திருந்தாள்.

பாஸ்போர்ட் வாங்கிப் போக ஹஜ்ரத் கடைக்கு வந்த அன்று, பகல் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ரோடு நிறைய வந்துகொண்டிருந்தார்கள். அப்துல் கபார் லேமினேட் செய்த அட்டையை எடுத்துக் காட்டினார். ஹஜ்ரத் வாங்கிப் பார்த்தார். "இது போதும் பாய். அங்க ஆபீஸ்ல ரிஜிஸ்டர் இருக்கும். நம்பரக் குடுத்தா பேரு சொல்லிடுவாங்க. பேரையும் சரிபாத்துகிட்டு நேரா போயிடலாம்."

பேர் சொல்லிவிடுவார்கள். வேறு பேரைச் சொல்வார்கள். தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், தான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, இந்த மனிதர் தனியாக நின்று அதைக் கேட்பார். சித்தீகா உள்ளிருந்து வெளியே வந்தாள். "பாஸ்போர்ட்ட குடுக்காதீங்க" என்றாள். பிறகு, ஷூ அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, நௌஷாத் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள்.

ஒருவர் வந்து எட்டாம் நம்பர் ஷூ இருக்கிறதா என்று கேட்டார். அப்துல் கபார் எழுந்து, எட்டாம் நம்பர் எடுத்து, அவர் போட்டுப் பார்க்கும்வரை நின்று, பணம் வாங்கி, சில்லறை கொடுத்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். 

ஹஜ்ரத்தான் முதலில் பேசினார். நம்பர் தப்பாக இருந்தால் என்ன, பேரை வைத்துத் தேடலாமே என்றார். அவருக்குத் தெரிந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் மக்காவிலேயே இருபது வருஷமாக இருக்கிறார், நகராட்சி ஆபீஸ் வரை போய்வருகிறவர், அவரிடம் சொல்கிறேன் என்றார். அஃப்னானின் பாஸ்போர்ட் நகல், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த பதினைந்து நாள்தான் அந்த வீட்டில் கடைசியாக நம்பிக்கை இருந்த நாட்கள். அப்துல் கபார் கணக்கில்லாமல் பேசினார். சரியான இடம் கிடைத்துவிடும், நல்லவேளை போவதற்கு முன்னால் தெரிந்தது, அல்லாஹ் காப்பாற்றினான் என்றார். சித்தீகாவும் நம்பினாள். நின்றுபோயிருந்த அங்கிகளை மறுபடி எடுத்துத் தைத்து முடித்தாள். பொன்னம்மாளின் பெட்டியில் இரண்டு சேலை மடித்து வைத்தாள். வீடியோவை இருவருமே பார்ப்பதில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. அப்துல் கபார் ஒருநாள் அழிக்கப் போனார். "வேணாங்க, அந்தப் பையனுக்கு வேற யாரும் இல்லாம இருக்கும்" என்று அவள் தடுத்துவிட்டாள்.

ஹஜ்ரத் ஜனவரி பத்தாம் தேதி வந்தார். போனில் வந்திருந்த குரல் பதிவை அப்படியே போட்டுக் காட்டினார். காயல்பட்டினத்துக்காரரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. இரண்டு தடவை போய்ப் பார்த்தாராம். அந்த மாதத்து ரிஜிஸ்டரில் அஃப்னான் என்று யாரும் இல்லையாம். பேரை அரபியில் எப்படியோ மாற்றி எழுதியிருக்கலாம், அல்லது வெறும் ஆஸ்பத்திரி எண்ணோடு வந்திருக்கலாம், அப்படி வந்தவர்கள் அந்த மாதம் நிறைய என்றாராம் ஆபீஸ்காரர். அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்த வருஷத்து வரிசைகளில் சிலவற்றைத் திரும்பத் தோண்டி இப்போது வேறு ஆட்களை வைக்கிறார்களாம். இடம் போதாத ஊர், அவர்களைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொல்லி, சலாம் சொல்லி முடித்தார்.

குரல் நின்றதும் ஹஜ்ரத் போனைப் பையில் வைத்தார்.

தோண்டி என்ற சொல் சித்தீகாவுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் அத்தாவைத் தோண்டினார்கள். அதைக் கண்ணால் பார்க்கவாவது ஆள் இருந்தது. "பையனையும் எடுத்துட்டாங்களா" என்று சாதாரணமாகக் கேட்டாள். 

அப்துல் கபார் எழுந்தார். "இனிமே எனக்கு அங்க என்னா இருக்கு, நான் அங்க போறதுக்கு?" என்றார்.

சொன்ன மறுகணம் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். ஹஜ்ரத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார். உலகமே ஏங்குகிற ஊரைப் பற்றித் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "அஸ்தக்ஃபிருல்லாஹ், அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு அழுத அவரை ஹஜ்ரத் தோளோடு அணைத்துக்கொண்டார். "துக்கத்துல வர்ற வார்த்தைய அவன் புடிக்க மாட்டான் பாய். வாங்க, போலாம். அங்க வந்து அவன்கிட்டயே அழுவுங்க" என்றார்.

ஆனால் அவர்கள் போகவில்லை. மூன்று நாள் யோசித்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர் கடையிலும் அவள் மெஷினிலும் இருந்தார்கள். நான்காம் நாள் பாஸ்போர்ட் கொடுக்கக் கடைசித் தேதி. காலையில் அப்துல் கபார், "போலாமா?" என்று கேட்டார். "நிய்யத்து இல்லாம எப்படிங்க போறது" என்றாள் சித்தீகா. அவர் ஷட்டரைத் தூக்கப் போய்விட்டார். அன்று பகல் முழுக்க இருவரில் ஒருவராவது மனசு மாறிச் சொல்வார் என்று இருவரும் காத்திருந்தார்கள். மாலையானது.

பெட்டியைத் துடைத்துப் பொன்னம்மாளிடம் திரும்பக் கொடுத்தாள். பொன்னம்மாள் காரணம் கேட்காமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காப்பி போட்டுக் கொடுத்தாள்.

குழு கிளம்பிய அன்று வேன் பள்ளிவாசல் வாசலிலிருந்து புறப்பட்டது. சித்தீகா தைத்துக் கொடுத்த அங்கி எட்டு, பெட்டிகளுக்குள் போனது. ஒன்பதாவது அவளுடைய அலமாரியில் இருந்தது. யாத்திரைப் பிரார்த்தனையான தல்பியாவைச் சொல்லும் சத்தம் ரோட்டில் கேட்டபோது அவள் மெஷினை வேகமாக மிதித்தாள்.

பதினாறாம் நாள் அவர்கள் திரும்பி வந்தார்கள். பக்கத்துத் தெரு பாயிஜா அங்கிருந்து புனித ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, குரல் கட்டிப்போயிருந்தது. ஆனாலும் ஒரு வெளிச்சம் இருந்தது அவளிடம். "காபா முன்னாடி நின்னு அஃப்னான் பேரச் சொல்லி துஆ கேட்டேன் அக்கா. ஒவ்வொரு தொழுகைக்கும் ஜனாஸா வந்துகினே இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் அவனை நெனைச்சுகினுதான் தொழுதேன்" என்றாள்.

சித்தீகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஊரு மண்ணு எப்படி இருக்குது பாயிஜா? செவப்பா, கறுப்பா?"

பாயிஜா யோசித்தாள். "மண்ணையே பாக்கலியே அக்கா. காலு வெச்ச எடமெல்லாம் பளிங்குக் கல்லும் ரோடுமாத்தான் இருந்துச்சு."

அவள் போன பிறகு அப்துல் கபார் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நின்று, ஜம்ஜம் தண்ணீரைக் குடித்தார். சித்தீகாவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தாள்.

அடுத்த குழுவுக்கு ஹஜ்ரத் மறுபடி கேட்டார். இருவரும் இல்லை என்றார்கள். நௌஷாத் ஒருநாள் கழுவிய டிபன் பாக்ஸைக் கடையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அப்துல் கபார் அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை, திட்டவும் இல்லை.

சித்தீகா ஐந்து நேரத் தொழுகையை விடவில்லை. முன்னறையில், மெஷினுக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டு மேற்கே, மக்கா இருக்கும் பக்கம் பார்த்து நிற்பாள். கையைக் கட்டியதும் அது வந்துவிடும்: இந்தத் திசையில்தான் அவன் இருக்கிறான். எந்தக் குழி, எந்த வரிசை, இன்னும் மண்ணுக்குள் இருக்கிறானா என்று எதுவும் தெரியாது. திசை ஒன்றுதான் மிச்சம். யாருக்கு முன்னால் நிற்கிறாள் என்று அவளுக்கே குழம்பிவிடும். சலாம் கொடுத்து முடித்ததும் அதற்காக மன்னிப்புக் கேட்பாள். அடுத்த வேளைக்கு பாங்கு சொல்லும்போது எழுந்து, மறுபடி அதே பக்கம் திரும்பி நிற்பாள்.